அணியம் இல்லாத படகு

கோட்டைக்குப்பம்
9 ஜனவரி 2024

அன்புள்ள தம்பி இளவழகனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் மாமாவும் சுகம். பொங்கலுக்கு மகள் யாழினி விடுதியிலிருந்து வருகிறாள். உனக்கும் செசிலியாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? கொச்சியில் குளிர் என்று ஒன்று உண்டா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எங்கள் வீடு ஒற்றை அறை. முதுகுத்தண்டில் தட்டு விலகியதிலிருந்து மாமா பகலெல்லாம் அந்த அறையில்தான் இருக்கிறார். ஊராருடைய கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுக்கிறார். நான் போனில் பேசுவதும் நீ அங்கிருந்து பேசுவதும் சேர்ந்தே அவர் காதில் விழும். இந்த விஷயம் இப்போதைக்கு அவர் காதில் விழ வேண்டாம். அதனால் பதிலை வீட்டுக்கு எழுதாதே. 'அமுதவல்லி, ஊர்ப்புற நூலகர், பழவேற்காடு' என்று எழுது. தபால்காரர் பேப்பர் படிக்க எப்படியும் நூலகத்துக்கு வருவார்.

போன வாரம் பூநாரை பார்க்க ஒருவர் வந்தார். முதுகில் ஒரு பை, அவ்வளவுதான். நூலகத்துக்குப் பின்னால் ஏரிக்கரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். போர்வை மாதிரி எதையோ விரித்தார். காலால் மிதிக்கும் பம்பு ஒன்றை வைத்துப் பத்து நிமிடம் மிதித்தார். படகு வந்துவிட்டது. அதில் ஏறி உட்கார்ந்து போயும்விட்டார். நான் நூலகத்தைத் திறந்து போட்டுவிட்டு அவர் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றேன். வந்தபின் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். நன்றாகப் பாலுண்ட குழந்தையின் வயிறு மாதிரி இருந்தது.

நீ காற்றடைத்த படகுகளோடுதானே வேலை செய்கிறாய். அதில் உட்கார்ந்து மீன் பிடிக்க முடியுமா? நம் ஏரியில் தாங்குமா? முதல்முறையாக ஒன்று வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? தெரிந்ததை எழுது. அவசரம் இல்லை. ஆனால் எழுது.

உன் அக்கா,
அமுதவல்லி


கொச்சி
21 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இளவழகன் வணக்கம். இங்கே இருவரும் நலம். செசிலியாவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. மாமா முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பது நடக்கிறதா?

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துத்தான் படித்தேன். நான் செய்யும் வேலை என்ன என்று நீ இதுவரை கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். பெரிய கப்பல்களின் ஓரத்தில் வெள்ளைப் பீப்பாய் ஒன்று கட்டியிருக்கும். கப்பல் மூழ்கினால் அது தானாக விரிந்து கூடாரம் போட்ட மிதவையாக நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்துக் காற்றடைத்து, எங்காவது கசிகிறதா என்று பார்த்து, மாவு தூவி மடித்து மறுபடி பீப்பாய்க்குள் வைக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதுதான். இதுவரை ஆயிரம் மிதவையாவது விரித்திருப்பேன். ஒன்றைக்கூடத் தண்ணீரில் பார்த்ததில்லை. எல்லாம் சிமெண்டுத் தரையில்தான்.

மீன் பிடிக்கலாம். ஆற்றிலும் அணைக்கட்டிலும் நிறையப் பேர் பிடிக்கிறார்கள். ஆனால் கடையில் போய் 'காற்றுப் படகு கொடு' என்றால் குழந்தைகள் நீச்சல் குளத்தில் விளையாடும் பொம்மையைக் கட்டிக் கொடுத்துவிடுவான். அதனால் முதலில் நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டும். போகிற இடத்தில் ஆழம் எவ்வளவு? அடியில் மணலா, சேறா, சிப்பியா? குத்தக்கூடியது என்னென்ன இருக்கிறது? வீட்டிலிருந்து தண்ணீர்வரை யார் தூக்குவது? காற்று எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? கடைசியாக, அதில் உட்காரும் ஆட்கள் எத்தனை கிலோ?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் படகையும் சொல்ல முடியாது.

அன்புடன்,
இளவழகன்


பழவேற்காடு நூலகம்
4 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். செசிலியாவைச் சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல். மாமாவுக்கு எண்ணெய் தினமும் நடக்கிறது, நடை கொஞ்சம் தேவலை.

நீ கேட்ட கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு போன ஞாயிறு காலையில் ஏரிக்குள் இறங்கினேன். இறால் தடவப் போகிற பெண்களோடு சேர்ந்து போனதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒட்டடைக் கம்பில் சாணுக்கு ஒரு கோடு போட்டு எடுத்துப் போயிருந்தேன். கரையிலிருந்து இருநூறு அடிவரை முழங்கால். அதற்கப்புறம் இடுப்பு. நடு ஓடையில் மட்டும் கழுத்து. அடியில் சேறு, அதற்குள் அங்கங்கே சிப்பி. காற்று பதினொரு மணிக்கு மேல் கடல் பக்கமிருந்து வரும், அது உனக்கே தெரியும்.

குத்தக்கூடியவை: வலை கட்ட நட்டிருக்கும் கழிகள், பழைய கழிகளின் முறிந்த முனைகள், நண்டு, கெளுத்தி முள். கெளுத்தி முள்தான் எனக்குச் சந்தேகம். அதனால் நான்கு முள் சேர்த்து வைத்து, பழைய சைக்கிள் டியூப், மழைக்கோட்டு, அரசியல் பேனர் மூன்றையும் குத்திப் பார்த்தேன். டியூப் உடனே போனது. கோட்டும் போனது. பேனர் இரண்டு குத்து தாங்கியது. நூலகத்துக்கு வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டுப் பேப்பர் பக்கம் போய்விட்டார்.

தூக்குவது பற்றிக் கவலை இல்லை. தலையில் சும்மாடு வைத்தால் இருபது கிலோ வரை சுமக்கலாம்.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோது இப்படி ஒரு பரிசோதனை செய்யக் கை துடித்தது கிடையாது. நாற்பத்தைந்து வயதில் வந்திருக்கிறது.

அன்புடன்,
அக்கா


கொச்சி
13 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கெளுத்தி முள்ளால் குத்திப் பார்த்ததைச் செசிலியாவிடம் படித்துக் காட்டினேன். "உங்க வீட்ல மூளை முழுக்க அக்காவுக்குப் போயிடுச்சா?" என்று கேட்கிறாள். பட்டறையில் சொன்னேன், மேஸ்திரி உனக்கு வேலை தருவதாகச் சொல்கிறார்.

இந்த உறைக்குள் மூன்று துண்டுத் துணி வைத்திருக்கிறேன். ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருக்கிறது. மூன்றும் படகு செய்யும் துணிதான், கனம் மட்டும் வேறு. உன் முள்ளால் குத்திப் பார்த்து எழுது. எந்தத் துணியாக இருந்தாலும் படகில் காற்றறை குறைந்தது மூன்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்ற இரண்டில் கரைக்கு வந்துவிடலாம். ஒரே அறையாக இருப்பதை எத்தனை அழகாக இருந்தாலும் தொடாதே. வடிவத்தில், முன்பக்கம் கூராக இருப்பதே நல்லது. காற்றைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய், எடையை விட்டுவிட்டாய். மாமா எழுபத்தெட்டு என்று போட்டுக்கொள்ளட்டுமா? அவர் முதுகு அவ்வளவுக்குச் சரியாகிவிட்டதா? துடுப்பு போட்டால் முதலில் கேட்பது முதுகுதான். அதையும் கேட்டு எழுது.

இளவழகன்


பழவேற்காடு நூலகம்
20 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

யாவரும் நலம், உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

முதல் துண்டு மூன்றாவது குத்தில் போனது. இரண்டாவது பத்தில் போனது. மூன்றாவதில் முள்தான் ஒடிந்தது. அதுவே வேண்டும்.

எழுபத்தெட்டு என்று போடாதே. ஐம்பத்து நாலு என்று போட்டுக்கொள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன்.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கு மீன் வெளியிலிருந்து வந்ததில்லை. மீன்பாடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கறிக்கு என்று நாலு மீன் மாமா கையில் தொங்கும். அவர் படுத்தபிறகு பதினைந்து மாதமாக நான் கூடை எடுத்துக்கொண்டு மீன் விற்கிற செவ்வந்தியிடம் போய் நிற்கிறேன். மீன் பிடிக்கிற வீட்டுப் பெண் மீன் வாங்க வந்து நிற்கிறாளே என்று அவள் நான் கேட்டதற்கு மேல் இரண்டு மீன் அள்ளிப் போடுகிறாள். "எடுத்துனு போக்கா, அண்ணனுக்கு" என்கிறாள். அந்த இரண்டு மீனை ஆய்கிறபோது கை ஓடமாட்டேன் என்கிறது. மாமா தட்டைப் பார்த்ததும் கேட்பார்: "செவ்வந்தி போட்டாளா?" அப்புறம் மீனை ஓரமாகத் தள்ளிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார்.

கறிக்கு நாலு மீன். எனக்கு அவ்வளவுதான் வேண்டும், அதை நானே பிடிக்க வேண்டும்.

அக்கா


பழவேற்காடு நூலகம்
16 மார்ச் 2024

தம்பி இளவழகனுக்கு,

நலம்தானே? இருபத்தைந்து நாளாயிற்று. போன கடிதம் கிடைத்ததா என்று மட்டும் ஒரு அட்டையில் எழுது. தபால்காரர் உள்ளே வரும்போதெல்லாம் நான் எழுந்து நிற்பதைப் பார்த்து அவரே இப்போது வாசலிலிருந்து கையை விரித்துக் காட்டிவிட்டு வருகிறார்.

அக்கா


கொச்சி
30 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ எழுதிய எடையைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் ஊரில் எந்தப் பெண் படகில் உட்கார்ந்து வலை போட்டிருக்கிறாள்? ஊர் சும்மா இருக்குமா? அப்புறம் யோசித்தால் கோபம் அதற்கு இல்லை என்று தெரிந்தது. ஊரைக் காரணம் காட்டுவது சுலபம், அதனால் காட்டினேன்.

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்த கதையை நீ மாமா சொல்லிக் கேட்டிருப்பாய். ஊரே சொல்லிக் கேட்டிருப்பாய். நான் சொல்லிக் கேட்டதில்லை. அன்று மழை. கை நீட்டினால் கை தெரியாது. அலை ஒரு பக்கமாக அடித்துத் தூக்கியது, நான் தண்ணீருக்குள் இருந்தேன். கையில் ஐஸ் பெட்டியின் மூடி மாட்டியது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். காலை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டேன். கீழே அடியே இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எத்தனை நேரம் என்று தெரியாது, அரை மணி என்றார்கள். அப்புறம் மழைக்குள்ளிருந்து மாமா வந்தார். நீந்தி வரவில்லை, அக்கா. நடந்து வந்தார். "காலை ஊணுடா" என்றார். ஊன்றினேன். தண்ணீர் நெஞ்சுவரைதான். நாங்கள் மணல் திட்டின் மேல் இருந்தோம்.

அன்றைக்கு வைத்த பேர் 'மூடி'. டீக்கடையில் மூடி, கோயிலில் மூடி. மூடி வந்துட்டான், மூடி போறான். நைனா காரியத்துக்கு வந்தபோது பந்தலில் ஒருவர் "யாரு, மூடியா?" என்றார். மறுநாளே ரயில் ஏறினேன்.

அவர்கள் நினைத்தது மாதிரி அது சிரிப்பு இல்லை. தண்ணீர் நெஞ்சுவரை என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அரை மணி நேரம் எனக்குத் தெரியாது. அதன்பின் நான் தண்ணீரில் கால் வைத்ததில்லை. இங்கே கடற்கரைக்குப் போனால் செசிலியா மட்டும் இறங்குவாள், நான் செருப்புக்குக் காவல்.

உன்னைத் தண்ணீரில் வைத்து நினைக்க என்னால் முடியவில்லை. முதலில் மாமாவிடம் சொல். ஊரிலும் கேள். அவர்கள் சரி என்றால் எழுது.

இளவழகன்


கோட்டைக்குப்பம்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் நலத்துக்கு அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், மாமா பக்கத்தில்தான் இருக்கிறார்.

முதலில் இதை எழுதிவிடுகிறேன். நானும் சிரித்தேன். அன்று மாமா வந்து சொன்னபோது அடுப்படியில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நீ வாசலில் ஈரத் துண்டோடு நின்றாய். நீ கேட்டிருப்பாய் என்று எனக்கு எப்போதும் தெரியும். பன்னிரண்டு வருடமாக உன்னிடம் மழை உண்டா, குளிர் உண்டா என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மாமாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "டியூப்புல ஒக்காந்துனு மீன் புடிக்கப் போறியா?" என்றார். "ஆமா" என்றேன். மறுநாள் வலை தைத்துக்கொண்டே தலையைத் தூக்காமல் ஒன்று கேட்டார்.

"அதுக்கு அணியம் கீதா?"

செசிலியாவுக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் எழுதுகிறேன்: அணியம் என்றால் படகின் முன்மூக்கு. புதுப் படகு வந்தால் மஞ்சள் குங்குமம் வைப்பது அங்கேதான். நீ சொன்ன கூரான வடிவத்தை நினைத்துக்கொண்டு "இருக்கு" என்றேன். "அப்ப கஷ்டம்" என்றார்.

சனிக்கிழமை ஊர்க்கூட்டம். விசைப்படகுத் தடைக்காலம், அதனால் எல்லா ஆண்களும் வீட்டில்தான், கூட்டம் நிறைந்திருந்தது. மாமா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனார். நான் பின்னால் போய்ப் பந்தல் கால் ஓரமாக நின்றேன். படகு என்று ஒன்று வந்தால் ஊரின் பாடு முறையில் அதற்கும் இடம் வைக்க வேண்டும். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டில் பேர் எழுத வேண்டும். அந்தப் பேர் ஆண் பேராகத்தான் இருக்க வேண்டும். இதுதான் சிக்கல். (இதுவும் செசிலியாவுக்கு.)

சுப்பராயலு பெரியவர் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா அமுதா, நீ படிச்சவ. ஏரியில படகு உடணும்னு கேக்கறியாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "படகுன்னு யாரு சொன்னா? காத்தடிக்கிற டியூப்பு அது."

"லாரி டியூப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அத்தவிட கொஞ்சம் நீட்டு."

"இன்னாத்துக்குடா தினகரா, ஊட்டுக்காரிய மெதக்க உட்டுட்டு நீ தூங்கலாம்னா?" கூட்டம் சிரித்தது. மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை. "அணியம் கீதா அதுக்கு?"

"எங்க கீது," என்றார் மாமா. "ரெண்டு பக்கமும் மொழுக்குனு கீது. பூசணிக்கா கணக்கா."

படத்தைக்கூட அவர் பார்த்ததில்லை, தம்பி.

பெரியவர் முடிவு சொன்னார்: "அணியம் இல்லன்னா மஞ்ச குங்குமம் எங்க வெப்ப? வெக்க எடமில்லாதது படகில்ல. எறா தடவறவங்க இடுப்புல பறி கட்டிக்கினு போறாங்க இல்ல, அது மாரி இதுவும் ஒரு பறி. கொஞ்சம் பெருசு. பறிக்கெல்லாம் ஊரு கூட்டம் போடுமா? அடுத்தது இன்னாப்பா?"

அவ்வளவுதான். பறி என்கிற ஓலைக்கூடைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மற்றவர் வலை கட்டும் பாடு இடத்துக்குள் போகக்கூடாது, அது எனக்கும் தெரிந்ததுதான்.

வரும் வழியில் மாமாவிடம் "கூரா இருக்கும்னு சொன்னேனே" என்றேன். "நீ சொன்னது எனுக்குக் கேக்கல" என்றார்.

ஆகவே தம்பி, கூரானது வேண்டாம். இரண்டு பக்கமும் மொழுக்கென்று இருப்பதாகப் பார்த்துச் சொல். மூன்றாம் நம்பர் துணி. மூன்று அறை. ஐம்பத்து நாலு கிலோ.

உன் அக்கா


கொச்சி
6 மே 2024

அன்புள்ள அக்கா,

இருவரும் நலம். உன் கடிதத்தை நான்கு முறை படித்தோம். செசிலியா பூசணிக்காயைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

அடுப்படியில் நீ சிரித்தது எனக்குக் கேட்டது. நீ எழுதியது நல்லதுதான்.

படகு பற்றி எழுதுகிறேன். எந்தக் கடைக்காரனும் மொழுக்கையாக இருப்பதைச் சொல்லமாட்டான், நானும் மூன்று மாதம் முன்பு சொல்லவில்லை. காரணம் தெரிந்துகொள். முன்மூக்கு இல்லாததால் அது நேராகப் போகாது. ஒரு பக்கம் துடுப்பு போட்டால் சுற்றும், காற்று தட்டினாலும் சுற்றும். வேகம் கிடையாது. ஆனால் நீ போகிற இருநூறு முந்நூறு அடிக்கு வேகம் எதற்கு? அகலமாக இருப்பதால் சுலபத்தில் கவிழாது. அதனால் முட்டை வடிவில் ஒன்று தேடிப் பிடித்துவிட்டேன். மூன்று அறை, மூன்றாம் நம்பர் துணி, பதினாறு கிலோ கனம், இரண்டு பேர் உட்காரலாம், நூற்றைம்பது கிலோ வரை தாங்கும். சுற்றிலும் பிடித்துக்கொள்ளக் கயிறு இருக்கிறது. அடியில் மட்டும் நானே இன்னொரு பட்டை துணி ஒட்டியிருக்கிறேன், சிப்பிக்காக.

பட்டறையில் இரண்டு நாள் காற்றடைத்து வைத்துச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. கப்பல் மிதவைக்குக் கொடுப்பதுபோல மேஸ்திரி அதற்கும் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேர் என்று இருந்த இடத்தில் 'பறி' என்று எழுதச் சொன்னேன்.

பார்சலில் போட்டிருக்கிறேன். மிதவைச் சட்டை ஒன்று கூடவே வரும், அதைப் போடாமல் ஏறாதே. வெயிலில் காற்று விரியும், அதனால் விறைக்க அடைக்காதே. பத்தரைக்குள் கரைக்கு வந்துவிடு.

இளவழகன்


கோட்டைக்குப்பம்
9 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறோம். மாமா இப்போது சுவரைப் பிடிக்காமல் கரைவரை வருகிறார். செசிலியாவின் உடம்பு பற்றியும் உன் வேலை பற்றியும் அடுத்த பக்கத்தில் கேட்கிறேன், இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

பறி வந்தது. முதல் நாள் வீட்டுக்குள்ளேயே அடித்துப் பார்த்தோம். பாதி அடித்ததும் அறை நிறைந்துவிட்டது, மாமா கட்டில்மேல் ஏறிக்கொண்டார். இரண்டாம் நாள் கரையில் அடித்தேன். நீ எழுதியதை மறந்து விறைக்க அடித்து வெயிலில் போட்டுவிட்டேன். மாமா வந்து ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "மேளம் கணக்கா கீது, வெடிச்சிரும்" என்று காற்றை இறக்கினார். வலைக்கயிறு ஒன்றை நீளமாகப் பறியில் கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். எதற்கு என்றேன். "மாட்ட அவுத்து உட்டா கயிறு வேணாமா?" என்றார்.

ஏறினேன். சுற்றியது. நீ எழுதியிருந்தாய், ஆனால் எழுதியதற்கும் சுற்றுவதற்கும் நிறைய வித்தியாசம். வலம் போட்டால் இடம், இடம் போட்டால் வலம். பாலம் வந்தது, ஊர் வந்தது, பறவைகள் வந்தன, மறுபடி பாலம் வந்தது. கரையில் செவ்வந்தியும் நாலு பேரும் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவழியாக வலையை இறக்கினேன். அரை மணி கழித்து இழுத்தேன். ஏதோ துள்ளியது. அதைப் பார்க்கும் ஆசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன்.

அப்புறம் நான் தண்ணீரில் இருந்தேன்.

மிதவைச் சட்டை போட்டிருந்தேன். சுற்றிலும் இருந்த கயிற்றைப் பிடித்துவிட்டேன். அந்த இடத்தை நானே ஒட்டடைக் கம்பால் அளந்திருக்கிறேன், தம்பி. கோடு போட்டு உனக்கு எழுதியிருக்கிறேன். ஆனாலும் என் கால் மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. கீழே ஒன்றுமே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. கரையிலிருந்து மாமா கத்துவது கேட்டது. சொல் கேட்டது, பொருள் வரவில்லை. நாலைந்து முறை கத்தியபின்தான் அது என்ன சொல் என்று புரிந்தது.

"காலை ஊணு."

ஊன்றினேன். இடுப்பு.

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தி கூடையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். "தம்பி மூடி, அக்கா பறி" என்றாள். இனி அதுதான் என் பேர். மாமா மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றை இழுத்து என்னைக் கரை சேர்த்தபின் வெகுநேரம் அதைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அன்னிக்கு அவனுக்கு நெஞ்சு வரைக்கும் இருந்துச்சு" என்றார். அதை உனக்கு எழுதச் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த மீன் போய்விட்டது. அதற்கப்புறம் ஆறு நாள் போனேன். மூன்று நாள் வெறும் வலை. நாலாம் நாள் மடவை இரண்டு. நேற்று மடவை நாலு, நண்டு ஒன்று. வழியில் செவ்வந்தி, "கறிக்கு எடுத்து வெச்சிருக்கேன், வாக்கா" என்றாள். பையைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "நண்டை எனுக்குக் குடேன்" என்றாள். கொடுத்தேன்.

மாமா நாலு மீனில் மூன்றைச் சாப்பிட்டார். உப்பு கம்மி என்றார்.

இப்போது ஒரே ஒரு குறை. நான் ஒரு பக்கம் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்கிறது. எடை சமமாக இல்லை. தண்ணீர் கேன் ஒன்றை எதிரில் வைத்துச் சமாளிக்கிறேன். ஆனால் கேன் உருள்கிறது, துடுப்பும் போடமாட்டேன் என்கிறது. இரண்டு பேருக்கான படகு என்று நீதான் எழுதினாய். மாமாவை ஏற்றக்கூடாதென்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நான் போகும் இடத்தில் எங்கே கால் ஊன்றினாலும் இடுப்புதான், ஊன்றியே பார்த்துவிட்டேன்.

ஆகவே நீ முதல் கடிதத்தில் கேட்ட கடைசிக் கேள்வியை உன்னிடமே கேட்கிறேன். உன் எடை எத்தனை கிலோ?

உன் அக்கா,
பறி


கொச்சி
2 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நலம். பதில் எழுத நாளாகிவிட்டது.

பட்டறையில் பொருள் நிறுக்கும் எந்திரத்தில் ஏறி நின்று பார்த்தேன். செருப்போடு அறுபத்தெட்டு. செருப்பைக் கழற்றினால் அறுபத்தேழு.

அறுபத்தேழு என்று போட்டுக்கொள். கேனை இறக்கி வை.

மூடி